அடங்கல் பதிவை எளிதாக்க ஒரு வெள்ளோட்டம்: எங்கே தொடங்குவது, எதை எண்ணுவது

எந்தச் சர்வே எண்ணில் எந்தப் பயிர் எவ்வளவு பரப்பில் நிற்கிறது என்பதை ஒவ்வொரு பசலி ஆண்டும், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் எழுத வேண்டும். வயலில் இறங்கிப் பார்த்து எழுதினாரா, டீக்கடையில் விசாரித்து எழுதினாரா என்பது வேறு கதை. விவசாயிக்கு அது தேவைப்படும் இடங்கள்தாம் பல. பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு அடங்கல், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பதிய அடங்கல், வெள்ள நிவாரணத்துக்கும் அதே அடங்கல். ஒரே சேதியை நான்கு இடத்தில் சொல்கிறார்; சொல்லுக்கு ஒரு நடை, நடைக்கு ஒரு ஜெராக்ஸ்.

மத்திய அரசு 2024 செப்டம்பரில் ரூ. 2,817 கோடியில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. பயிர்ப் பதிவேட்டைக் கணினிக்குக் கொண்டுவருவதும் அதில் ஒரு பகுதி. அந்த ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டில் வேளாண் கல்லூரி மாணவர்களே போனும் கையுமாக வயல்வயலாகப் போய்ப் பயிர்க் கணக்கு எடுத்தார்கள். விவசாயியே தன் பயிரைச் சுலபமாகப் பதிய ஒரு வழி வேண்டும் என்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் வேளாண் அலுவலர்களும் பேசுகிறார்கள். அப்படி ஒரு வழியை ஒரு பருவத்துக்கு ஒரு பிர்க்காவில் சோதிக்க நினைப்பவர்களுக்காக இது.

1. முதலில் கேள்விகளை வெட்டுங்கள்

செயலி செய்பவரைக் கூப்பிடும் முன் ஒரு விவசாயியின் ஓராண்டுக் காகிதங்களை மேசையில் பரப்புங்கள். காப்பீட்டு விண்ணப்பம், கடன் மனு, கொள்முதல் பதிவு, நிவாரணப் படிவம். சிவப்புப் பேனா எடுத்து, அரசுப் பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பதை எல்லாம் அடித்துவிடுங்கள். பெயர், தந்தை பெயர், பட்டா எண், சர்வே எண், உட்பிரிவு, மொத்தப் பரப்பு எல்லாம் போய்விடும். மிஞ்சுவது கொஞ்சம்தான்: என்ன பயிர், எப்போது விதைத்தது அல்லது நட்டது, எவ்வளவு பரப்பில், தண்ணீர் எங்கிருந்து, உழுவது யார். விவசாயியால் மட்டுமே சொல்லக்கூடியவை இந்த ஐந்தும்தான். ஆறாவதாக ஒரு கேள்வியை நுழைக்க யாராவது வந்தால், அந்தப் பதிலை வைத்து எந்த அலுவலகம் என்ன முடிவெடுக்கும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கேள்வியும் வேண்டாம்.

2. தேதி, அலகு, பெயர்

அமெரிக்காவில் இதே வேலையைச் செய்தபோது வேளாண் துறை முதலில் கைவைத்தது தேதிகளில்தான். பண்ணைச் சேவை அலுவலகத்துக்கு ஒரு கெடு, பயிர்க் காப்பீட்டுக்கு வேறொரு கெடு என்று இருந்ததை இரண்டுக்கும் பொதுவான 15 தேதிகளாகச் சுருக்கினார்கள். கேன்சஸ் மாநிலத்தின் சில கவுண்டிகளில் வெள்ளோட்டமும் விட்டார்கள். நம் பக்கத்திலும் காப்பீட்டுக் கெடுவும் அடங்கல் எழுதும் காலமும் ஒத்துப்போகாத வரை எந்தச் செயலியாலும் பயனில்லை.

அலகு இன்னொரு தொல்லை. பட்டாவில் ஹெக்டேர், ஏர். வாயில் ஏக்கர், சென்ட். டெல்டாவில் மா, வேலி. விவசாயி சொல்லும் அலகிலேயே வாங்கிக்கொண்டு மாற்றுவதைக் கணினியிடம் விடுங்கள். 2 ஏக்கர் 35 சென்ட் என்றால் 235 சென்ட்; ஒரு சென்ட் சுமார் 0.4047 ஏர் என்பதால் 95.1 ஏர். இந்தக் கணக்கை வரப்பில் நின்று யாரும் போட மாட்டார்கள், போடவும் வேண்டாம். பயிர்ப் பட்டியலிலும் ஊர்ப்பேச்சு இருக்கட்டும்: நிலக்கடலை என்று தேடினாலும் மல்லாட்டை என்று தேடினாலும் ஒரே பயிர் வர வேண்டும்.

3. சுலபமான ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

சாலையோரத்தில், சிக்னல் நன்றாகக் கிடைக்கும், தலைவர் ஒத்துழைக்கும் ஊரில் எதுவும் வெற்றி பெறும். நெல் மட்டுமே நிற்கும் ஓர் ஊர், தென்னைக்குள் ஊடுபயிர் போடும் ஓர் ஊர், ஒரே புலத்தில் மிளகாயும் மல்லியும் கலந்து நிற்கும் ஒரு மானாவாரி ஊர் என்று எடுங்கள். ஊருக்குள் கூட்டுப் பட்டாக்காரர்கள், இறந்துபோன தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் குடும்பங்கள், கோயில் நிலக் குத்தகைதாரர்கள், நிலத்தை மைத்துனரிடம் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனவர்கள், தனியாக விவசாயம் பார்க்கும் பெண்கள் ஆகியோர் பட்டியலில் இருக்கிறார்களா என்று பெயர் பெயராகச் சரிபாருங்கள்.

4. காகிதத்தில் ஓட்டிப் பாருங்கள்

திரைகளைத் தாளில் வரைந்து வயலுக்குக் கொண்டுபோங்கள். எப்படிச் செய்வது என்று சொல்லித் தராதீர்கள். “ஐயா, இப்ப உங்க வயல்ல நிக்கிற பயிரை இதுல பதிஞ்சு காட்டுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். வாயை மூடுவதுதான் இந்த வேலையிலேயே கடினமானது.

முதல் தாளில் சர்வே எண்கள் வரிசையாக இருக்கும். பெரியவர் விரலால் மேலிருந்து கீழே தடவுவார். 114/2ஏ, 114/2பி, 117/5. பிறகு நிமிர்ந்து, “தம்பி, இதுல மேட்டு வயல் எது, கோயிலடி வயல் எது?” என்பார். தன் நிலத்தை அவர் எண்ணால் அறிந்தவர் அல்ல. எண்ணுக்குப் பக்கத்தில் அவர் வைத்திருக்கும் பெயரை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், அடுத்த பருவத்தில் பாதி வேலை குறைந்துவிடும். போனில் ஓட்டும்போது இன்னும் சில விஷயங்கள் தெரியவரும்: உச்சி வெயிலில் திரை தெரியாது, சேற்றுக் கை தொட்டால் திரை கேட்காது, ஓ.டி.பி. வந்திருக்கும் போன் மகனிடம் கோயம்புத்தூரில் இருக்கும்.

5. வழிகளை ஒன்றோடு ஒன்று மோதவிடுங்கள்

செயலி ஒரு வழி. போனில் குரலைக் கேட்டு எண்ணை அழுத்துவது ஒரு வழி. ஊரில் படித்த ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பதிவது ஒரு வழி. மந்தையில் மேசை போட்டு ஒரே நாளில் முடிப்பது இன்னொரு வழி. எந்தத் தெருவுக்கு எந்த வழி என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். விருப்பப்பட்டவர் செயலிக்கு வரட்டும் என்று விட்டால், எந்த வழியைக் கொடுத்தாலும் சமாளித்துவிடக்கூடியவர்கள்தான் வருவார்கள். சோதனை முடிவு பொய்யாகிவிடும். பழைய முறையும் ஒரு தெருவில் அப்படியே நடக்கட்டும். ஒப்பிட அது வேண்டும்.

6. படமும் ஜி.பி.எஸ்ஸும்

மகாராஷ்டிரம் 2021 ஆகஸ்ட் 15 அன்று ‘இ-பீக் பாஹணி’ என்ற செயலியை மாநிலம் முழுக்கத் திறந்தது. விவசாயி வயலில் நின்று பயிரைப் படமெடுத்துத் தானே பதிகிறார். பதிந்ததைத் திருத்த அவகாசமும் உண்டு; ஒரு பகுதியை அங்குள்ள கிராம வருவாய் அலுவலர் நேரில் போய்ச் சரிபார்க்கிறார். நம்பி வாங்கிக்கொண்டு, சிலவற்றை மட்டும் சோதிக்கும் இந்த ஏற்பாடு நமக்கும் பொருந்தும்.

அளவில் மட்டும் எச்சரிக்கை தேவை. சாதாரண போனின் ஜி.பி.எஸ். திறந்தவெளியிலேயே ஐந்து மீட்டர் தவறும். தென்னந்தோப்புக்குள் இன்னும் கூடும். 20 சென்ட் நிலம் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 28 மீட்டர்தான். வரப்பில் நின்றால் போன் அவரைப் பக்கத்து வயலில் நிறுத்திவிடும். வயலின் நடுவில் நிற்கச் சொல்லுங்கள். எல்லைக்கு வெளியே காட்டினால் பதிவை மறுக்காமல், நேரில் பார்க்க வேண்டியவை என்று தனியே ஒதுக்குங்கள். விதைத்த ஐந்தாம் நாள் எடுத்த படத்தில் சேறுதான் இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

7. குத்தகைதாரர்

வெள்ளோட்டம் இங்கேதான் தட்டி நிற்கும். நிலம் ஒருவர் பெயரில், உழைப்பு வேறொருவருடையது, ஒப்பந்தம் வாய்வார்த்தை. 1955இன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், குத்தகை உரிமையைப் பதிய 1969இல் வந்த சட்டமும் நிலவுடைமையாளர் நினைவில் நன்றாகவே இருக்கின்றன. ‘உழுபவர்’ என்ற கட்டத்தில் இன்னொருவர் பெயர் விழுந்தால் நிலம் கைநழுவும் என்று அவர் அஞ்சுகிறார். ஆகவே தன் பெயரையே போடச் சொல்வார். பயிர் போனால் இழப்பீடும் அவர் கணக்குக்கே போகும்.

பயிர்ப் பதிவு வேறு, குத்தகை உரிமைப் பதிவு வேறு என்பதை வருவாய்த் துறை எழுத்தில் தந்தால் ஒழிய இந்தக் கட்டத்தை யாரும் உண்மையாக நிரப்ப மாட்டார்கள். அந்தக் கடிதத்தை வெள்ளோட்டத்துக்கு முன்பே கேட்டு வாங்கி, கிராமசபையில் படித்துக் காட்டுங்கள். குத்தகைதாரரிடம் பேசும்போது நிலக்காரர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பாருங்கள். இந்தக் கட்டத்தை விட்டுவிட்டு நடத்தும் சோதனைக்கு என் கணக்கில் பாதி மதிப்புதான்.

8. எதை எண்ணுவது

எத்தனை பேர் செயலியை இறக்கினார்கள் என்பது பத்திரிகைச் செய்திக்கு உதவும், வேறெதற்கும் உதவாது. பிறர் துணையில்லாமல் பதிவை முடித்தவர் எத்தனை பேர், எந்தத் திரையில் நின்றுபோனார்கள், வயலில் போய்ப் பார்த்தபோது எத்தனை பதிவு பொய்த்தது, ஒருவருக்கு எத்தனை நடை மிச்சமானது என்று எண்ணுங்கள். ஆண், பெண், சொந்த நிலம், குத்தகை என்று பிரித்து எண்ணுங்கள். மொத்தச் சராசரி நன்றாக இருந்து குத்தகைதாரர் வரிசை காலியாக இருந்தால் அது தோல்வி.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி உண்டு. பதிந்த விவசாயி காப்பீட்டுக்குப் போனபோது, அங்கிருந்தவர் போனில் வந்த சான்றை ஏற்றுக்கொண்டாரா, “கையெழுத்துப் போட்ட அடங்கல் வாங்கிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பினாரா? திருப்பி அனுப்பியிருந்தால் நீங்கள் நான்கு நடையை ஐந்தாக்கியிருக்கிறீர்கள். இதனால்தான் வங்கி, காப்பீட்டு நிறுவனம், கொள்முதல் நிலையம் மூன்றின் ஆட்களையும் முதல் நாளிலிருந்தே கூட்டத்தில் உட்காரவைக்க வேண்டும்.

பதிந்தவுடன் தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ். போக வேண்டும்: வயலின் பெயர், பயிர், பரப்பு, திருத்தக் கடைசி நாள். போன் இல்லாதவருக்கு அதையே துண்டுச் சீட்டாகக் கொடுங்கள். பருவ நடுவில் ஊர்ப் பதிவு முழுவதையும் அச்சிட்டுக் கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், இரண்டு வாரமாவது கிழியாமல் நிற்கட்டும். தவறு சொல்ல வருபவரின் திருத்தத்தை அங்கேயே பேனாவால் எழுதிக்கொண்டு, அன்று மாலையே கணினியில் ஏற்றிவிடுங்கள்.