பிரான்சின் இரண்டாம் கவசப் படைப்பிரிவும் அதன் சின்னமும்

நீல நிற வட்டம். அதனுள் பொன்னிறத்தில் பிரான்ஸ் நாட்டின் வரைபடம். அதன்மேல் இரண்டு குறுக்குக் கைகள் கொண்ட வெண்ணிறச் சிலுவை. இரண்டாம் உலக மகா யுத்தத்தில் ஜெனரல் லெக்லேரின் இரண்டாம் கவசப் படைப்பிரிவு அணிந்த சின்னம் இதுவாகும்.

இரட்டைக் குறுக்குடைய இச்சிலுவையை லொரேன் சிலுவை என்பர். 1940 ஜூனில் பிரான்ஸ் ஜேர்மனியிடம் வீழ்ந்தபோது, லண்டன் சென்ற ஜெனரல் டி கோல் சுதந்திர பிரான்ஸ் இயக்கத்தைத் தொடங்கினார். நாசிகளின் ஸ்வஸ்திகாவுக்கு எதிரான அடையாளமாக அவ்வியக்கம் இச்சிலுவையைத் தெரிவுசெய்தது. இதைச் சமயச் சின்னமாக மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். லொரேனின் ஒரு பகுதியும் அயலிலுள்ள அல்சாஸும் அப்போது ஜேர்மனியோடு சேர்த்துக்கொள்ளப்பட்டிருந்தன. நாட்டின் முழு வரைபடத்தையும் வரைந்து அதன்மேல் லொரேன் சிலுவையை வைப்பது, பறிபோன நிலத்தையும் விடமாட்டோம் என்று சொல்வதற்குச் சமம்.

லெக்லேர் என்பதும் இயற்பெயரல்ல. பிலிப் த ஓட்கிளோக் என்ற அந்த அதிகாரியின் மனைவியும் ஆறு பிள்ளைகளும் எதிரியின் பிடியிலிருந்த பிரான்சிலேயே தங்கியிருந்தனர். அவர்களுக்கு ஆபத்து வராதிருக்கவே அவர் பெயரை மாற்றிக்கொண்டார்.

அவரது போர் தொடங்கிய இடம் ஐரோப்பா அல்ல, ஆபிரிக்கா. சாட் நாட்டிலிருந்து ஏறத்தாழ நானூறு பேருடன் பாலைவனத்தைக் கடந்து, லிபியாவின் குப்றா பாலைவனச் சோலையிலிருந்த இத்தாலியக் கோட்டையை 1941 மார்ச் 1 இல் கைப்பற்றினார். அக்கோட்டையின் பெயர் 'அத்தாஜ்'. அரபு படிக்கும் தோழியருக்கு அது கிரீடம் என்று சொல்லத் தேவையில்லை. மறுநாள் அவர்கள் ஒரு சத்தியம் செய்தனர்: அல்சாஸின் தலைநகரான ஸ்ட்ராஸ்பேர்க்கின் பேராலயத்தின் மீது பிரெஞ்சுக் கொடி பறக்கும்வரை ஆயுதத்தைக் கீழே வைப்பதில்லை. அன்று அந்தப் படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின ஆபிரிக்கர்.

1943 ஓகஸ்டில் மொரோக்கோவில் இப்படை அமெரிக்க ஷேர்மன் யுத்த தாங்கிகளைப் பெற்றுக் கவசப் படைப்பிரிவாக மாறியது. இங்கேதான் மனதை உறுத்தும் செய்தி இருக்கிறது. குப்றாவில் போரிட்ட சாட் படையணியிலிருந்து கறுப்பின வீரர்கள் நீக்கப்பட்டனர். வெள்ளையர் படையே வேண்டும் என்பது அமெரிக்கரின் விருப்பம். பிரெஞ்சுத் தலைமையும் அதற்கு இணங்கியது. பாலைவனத்தில் தேவைப்பட்ட தோள்கள் பரிஸ் வீதியில் வேண்டாதவையாகிவிட்டன. இனவெறியை எதிர்த்து நடந்த போரிலேயே இது நடந்தது.

அவர்களின் இடத்துக்கு வந்தவர்கள் ஒரு விசித்திரக் கூட்டம். சிவப்புக் குஞ்சத் தொப்பியைக் கழற்ற மறுத்துத் தரையில் போரிட்ட கடற்படையினர் இருந்தனர். மொரோக்கோவின் பெயர் தாங்கிய ஸ்பாஹி படையணி இருந்தது. தம் நாட்டில் பிராங்கோவிடம் தோற்று அகதிகளான ஸ்பானியரும் வந்தனர். அவர்கள் நிறைந்த ஒன்பதாம் கம்பனி, தன் கவச வாகனங்களுக்குத் 'தெருவேல்', 'குவாதலஹாரா' எனத் தம் நாட்டுப் போர்க்களங்களின் பெயரை எழுதிக்கொண்டது.

பெண்களும் வந்தனர். புளோரன்ஸ் கொன்ராட் என்ற அமெரிக்கப் பெண்மணி நியூயோர்க்கில் பணம் திரட்டி, 19 டொட்ஜ் அம்பியூலன்ஸ்களை வாங்கி, சாரதிகளாகப் பெண்களையும் திரட்டினார். லெக்லேருக்கு வாகனங்கள் வேண்டும், பெண்கள் வேண்டாம். இரண்டையும் பிரிக்க முடியாது என்று கொன்ராட் நின்றதால், பரிஸ் வரைக்கும் என்று அவர் சம்மதித்தார். அப்பெண்கள் தம் வாகனங்களைத் தாமே திருத்தினர். குண்டுவீச்சின் நடுவே காயப்பட்டோரைத் தூக்கி ஏற்றினர். பரிஸுக்குப் பின் அவர்களைத் திருப்பியனுப்பும் பேச்சே எழவில்லை. போர் முடியும்வரை படைப்பிரிவுடனேயே சென்றனர். என்னைக் கேட்டால், தாங்கிகளைவிட இந்த அம்பியூலன்ஸ்களைப் பற்றியே அதிகம் எழுத வேண்டும்.

1944 ஓகஸ்ட் 1 இல் படைப்பிரிவு நோர்மண்டியில் கரையேறத் தொடங்கியது. 24 ஆம் திகதி இரவு, கப்டன் றெய்மொன் துரோனின் தலைமையில் ஒன்பதாம் கம்பனி பரிஸ் நகரசபை முன்றலை அடைந்தது. மறுநாள் ஜேர்மன் தளபதி சரணடைந்தார். நவம்பர் 23 இல் ஸ்ட்ராஸ்பேர்க் பேராலயக் கோபுரத்தில் கொடி ஏறியது. குப்றாச் சத்தியம் நிறைவேறியது. சத்தியம் செய்த ஆபிரிக்கரில் பெரும்பாலோர் அதைப் பார்க்க அங்கே இல்லை.

பரிஸுக்குள் முதலில் நுழைந்த அந்த ஸ்பானியக் கம்பனி எந்தப் படையணியைச் சேர்ந்தது தெரியுமா? சாட் அணிநடைப் படையணி. ஆட்களை நீக்கியவர்கள் பெயரை மட்டும் நீக்கவில்லை. பிரெஞ்சு இராணுவத்தில் இன்றும் அப்படையணி அதே பெயருடன் இருக்கிறது.