பனிக்கட்டிக்குப் போர்வை ஏன்?

சித்திரை வெயிலிற் கோபாலபுரத்துத் திடலில் பந்தாடிக் களைத்து வரும் இளைஞர், சர்பத்துக் கடையை நாடுதல் இயல்பு. அக்கடைக்காரர் தம் பனிக்கட்டியை மரத்தூளிற் புதைத்துக் கோணியால் மூடி வைப்பதை நம்மிற் பலர் கண்டிருக்கலாம். மார்கழிக் குளிரில் நாம் கம்பளி போர்த்துக்கொள்வது உடல் சூடு பெறுதற்கன்றோ? அங்ஙனமாயின், போர்வையிட்ட பனிக்கட்டி விரைந்தல்லவோ உருகவேண்டும்! இளமையில் இதனைப் பெரியோரிடம் வினவி, அதிகப்பிரசங்கி என்னும் பட்டமே நான் பெற்றேன்.

உண்மை யாதெனின், கம்பளி தானே உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. அதன் இழைகளினிடையே அகப்பட்டு அசையாது நிற்கும் காற்று, உஷ்ணத்தை எளிதிற் கடத்துவதன்று. உடலின் சூட்டை வெளியே போகவொட்டாமற் தடுக்கும் அக்காற்றே, வெயிலின் சூட்டைப் பனிக்கட்டியிடம் வரவொட்டாமலும் தடுக்கின்றது. மரத்தூள் செய்யும் தொழிலும் இதுவே.

இதனை நம்பியே வாணிகம் நடத்தினார், அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்துப் பிரெடரிக் டியூடர் என்பார். கடன்பட்டுச் சிறை கண்டும் அவர் தம் முயற்சியைக் கைவிட்டிலர். குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்தெடுத்த கட்டிகளை 1833ஆம் ஆண்டில் அவர் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, ஏறத்தாழ நான்கு திங்கள் சென்ற பயணம் அது. ஏற்றிய 180 டன்னில் சுமார் 100 டன் உருகாது கரை சேர்ந்தது! 1842ஆம் ஆண்டளவில் சென்னைக் கடற்கரையிலும் அவருடைய பனிக்கட்டிக்கு ஒரு கிடங்கு எழுந்தது. பிற்காலத்தில் விவேகானந்தர் இல்லம் எனப் பெயர்பெற்ற அக்கட்டடத்தின் பழைய தொழிலை, 'ஐஸ் ஹவுஸ்' என்னும் பேட்டைப் பெயர் இன்றும் நினைவூட்டுகின்றது.

மரத்தூள் ஒன்றே இதனைச் சாதித்ததோ எனின், அன்று. பூஜ்ய டிகிரியில் உள்ள ஒரு கிராம் பனிக்கட்டி நீராவதற்கு மட்டுமே 80 கலோரி உஷ்ணம் வேண்டும். அன்றியும், ஒரு கட்டியின் பக்கங்களை இரட்டித்தால் அதன் எடை எட்டு மடங்காகும். சூடு புகும் மேற்பரப்போ நான்கு மடங்கே. ஆதலின் கட்டிகளை இடைவெளியின்றி நெருக்கி அடுக்கி, முழுவதையும் ஒரே மலைபோல் ஆக்கினர். உருகிய நீரை உடனுக்குடன் வெளியேற்றவும் வேண்டும். நனைந்த தூளில் காற்றிருந்த இடத்தை நீர் கொள்ளுமாதலின் காவல் குன்றும்.

இங்கே ஒரு மயக்கம் எழக்கூடும். மண்பானைத் தண்ணீர் காற்றோட்டத்தில் வைக்கக் குளிர்கின்றதே, பனிக்கட்டிக்கும் அஃது ஆகாதோ? பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலிருந்தே உஷ்ணத்தைக் கவர்கின்றது. காற்று அதனை விரைவுபடுத்தும். பனிக்கட்டியின்மேல் வீசும் காற்றோ, நம் ஊர் வெம்மையையும் ஈரத்தையும் ஓயாது கொணர்ந்து சேர்ப்பது.

ஐயமுடையோர் ஒத்த அளவுள்ள இரு கட்டிகளை எடுத்து, ஒன்றைத் தடித்த கம்பளியிற் பொதிந்து, நீர் வடியுமாறு சல்லடைமேல் வைக்க. மற்றதை மின்விசிறியின் எதிரே திறந்து வைக்க. விசிறிக் காற்று வாங்கியதே முன்னர்க் கரைந்தொழியும்.