மலைக்காத்து சுத்தமா?



"டவுனுலதான் புகை, நம்ம மலையில காத்து சுத்தம்" என்று நாம் சொல்லுவோம். இது எவ்வளவு தூரம் சரி?

குசினித் தகரத்தில் சின்ன ஓட்டை இருந்தால், வெயில் கோடு மாதிரி உள்ளே விழும். காற்றில் மிதக்கும் தூசும் புகையும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. கேத்தலின் அடியில் பிடிக்கும் கரி வேறு விதம். அது வெளிச்சத்தை விழுங்கிவிடும். அதனால்தான் கறுப்பாக இருக்கிறது.

விஞ்ஞானிகளும் இப்படித்தான் காற்றை அளக்கிறார்கள். தூசும் புகையும் எவ்வளவு வெயிலை மறைக்கின்றன என்று ஒரு கருவி காட்டும். அளவு 0.05 என்றால், உச்சி வெயிலில் நேராக வரும் வெளிச்சம் சுமார் 5 வீதம் குறையும். 0.5 என்றால் சுமார் 40 வீதம் குறையும். நேபாளத்தின் காத்மண்டு நகரில் புகை கூடிய நாட்களில் இது 0.5ஐயும் தாண்டும்.

அதே நாட்டில், எவரெஸ்ட் மலைக்குப் பக்கத்தில் 5,079 மீட்டர் உயரத்தில், 2006இல் ஒரு காற்று ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். அங்கே பெரும்பாலும் காற்று மிகச் சுத்தம். ஆனால் மழைக்காலத்துக்கு முந்திய மாதங்களில், பகலில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் காற்று கரித்தூளையும் மேலே கொண்டுவந்தது. அவ்வளவு உயரத்துக்கே புகை போய்ச் சேருகிறது!

அப்படியானால் லயத்துக் காம்பராவுக்குள்ளேயே எரியும் அடுப்பை யோசித்துப் பாருங்கள். வெளியே எவ்வளவு நல்ல காற்று அடித்தாலும், சமைக்கிற அம்மாவும் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையும் உள்ளே இருக்கிற புகையைத்தானே இழுக்கிறார்கள்? புகையின் நுண்துகள் தலைமயிர்ப் பருமனில் முப்பதில் ஒரு பங்கிலும் சிறியது. நெஞ்சின் அடிவரை போகும். வீட்டுப் புகையால் 2020இல் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. பிள்ளைகளுக்கு நிமோனியா வரவும் இது ஒரு காரணம்.

நாம் செய்யக்கூடியவை:

1. ஈர விறகை எரிக்காதீங்க. வெயிலில் காயவைத்து, மழை படாமல் அடுக்குங்கள்.
2. புகைக்கூண்டில் கரி அடைக்க விடாதீங்க. புகைக்கூண்டு இல்லாவிட்டால் கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள்.
3. பொலித்தீன் போட்டு அடுப்புப் பற்றவைக்க வேண்டாம்.
4. கைப்பிள்ளையை அடுப்படியில் படுக்கவைக்க வேண்டாம்.

இன்றைக்கே குசினிச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். கையில் கரி ஒட்டினால், அதே கரி நம்ம நெஞ்சுக்குள்ளும் போகிறது என்று அர்த்தம்.