சூட்டுக்கட்டிக்குச் சூடா?

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இமைக்கட்டி பற்றி நீ அச்சடித்துக் கொடுக்கும் துண்டுத்தாள் நேற்று என் கைக்கு வந்துசேர்ந்தது. பென்னாகரம் போய் வந்த என் மருமகள், மாத்திரைகளை அதில் மடித்து எடுத்து வந்திருந்தாள். மாத்திரையை ஓரமாக வைத்துவிட்டுத் தாளை நீவிப் படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது கையில் பேனா இருந்தது.

வலியும் சிவப்புமாக இமை ஓரத்தில் கிளம்பும் சீழ்க்கட்டி வேறு, வலிக்காமல் உள்ளே உருண்டையாக உட்கார்ந்துகொள்ளும் கலேசியான் வேறு என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் சண்டை வேறு.

கலேசியானை நான்கு இடத்தில் 'நீர்க்கட்டி' என்று எழுதியிருக்கிறாய். அதில் நீர் எங்கேயம்மா இருக்கிறது? சுரப்பியின் வாய் அடைத்து, கண்ணீர்ப் படலத்துக்குப் போக வேண்டிய எண்ணெய் உள்ளேயே தேங்கி, சுற்றியிருக்கும் சதையில் கசிந்து, உடம்பு அதை வேற்றுப்பொருள் என்று வளைத்துக் கட்டிய திரள் அது. கிரேக்கர்கள் அதற்குச் சின்ன ஆலங்கட்டி என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். 'கொழுப்புக்கட்டி' என்று போட்டால் வீட்டில் கேலி செய்வார்கள் என்று தயங்கினாயோ என்னவோ. 'எண்ணெய்க்கட்டி' என்று எழுதிவிட்டுப் போ. ஒரு சொல்தானே என்று நினைக்காதே. நீர்க்கட்டி என்று யாரோ சொல்லக் கேட்ட ஒருவர், நீர்தானே, வடிந்துவிடும் என்று துணி தைக்கும் ஊசியால் குத்திக்கொண்டு என்னிடம் வந்தார். இமை முழுக்க வீங்கி, அந்தக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

அடுத்தது ஒத்தடம். 'வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கவும்.' இவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். அறுவை சிகிச்சைக்கு அரைப் பக்கம்! இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை கத்தியைப் பார்க்காமலே கரைகிறவை. அந்த வேலையைச் செய்வது ஒத்தடம். அதற்கு ஒரே ஒரு வரியா?

நம் ஜனங்கள் இதைச் சூட்டுக்கட்டி என்பார்கள். உடம்புச் சூட்டில் வந்தது. ஆகவே குளிர்ச்சிதான் மருந்து. நாமக்கட்டியை இழைத்துப் பூசு, எண்ணெய் தேய்த்துக் குளி, இளநீர் குடி. என் பாட்டியும் எனக்கு அதைத்தான் செய்தாள். அப்படி நம்புகிறவரிடம் வெந்நீர் என்கிறாய். 'சூட்டுக்கட்டிக்குச் சூடா?' என்று அவர் உன்னைக் கேட்க மாட்டார். சரிங்க என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் நாமக்கட்டியைத்தான் தேடுவார்.

எனக்கே இது புரிய வெகுகாலம் ஆயிற்று. மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய் வெயிலில் இளகுவதை உவமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்பார்கள், துணியை ஒரு தரம் நனைத்து வைத்துவிட்டு, செய்தாயிற்று என்பார்கள். ஒரு நாள், பட்டு நூல் எடுக்கும் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் வந்தார். நம் ஊர்ப் பட்டுக்கூடு அங்காடிக்குப் பக்கத்திலிருந்து நேராக வந்ததில், சேலையில் கூட்டு வாசனை அப்படியே இருந்தது. நான் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டார்: "கூட்டை வெந்நீர்ல போட்டாத்தான் சார் பசை இளகி நூல் வரும். தண்ணி ஆறிப்போச்சுன்னா நூல் அறுந்து அறுந்து போவும். அந்த மாதிரிங்களா?"

அந்த மாதிரியேதான். மூன்று வாரம் கழித்து வந்தபோது, புளியங்கொட்டை அளவு இருந்தது மிளகாகச் சுருங்கியிருந்தது. அன்றிலிருந்து என் சீட்டில் முதல் வார்த்தை 'ஆறவிடாதீர்கள்' என்பதுதான். நனைத்த துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். மறுபடி நனைக்க வேண்டும். இப்படிப் பத்து நிமிடம். இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது, அதனால் முதலில் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு சுத்தமான விரலால் இமைமுடியை நோக்கி நீவ வேண்டும்: மேல் இமையைக் கீழாக, கீழ் இமையை மேலாக. நாளைக்கு மூன்று நான்கு வேளை, சில வாரம். இதற்குத்தான் அந்த அரைப் பக்கம்.

திட்டியது போதும். நீ கையால் வரைந்திருக்கும் இமைப் படத்தை வெட்டி எடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டேன். மெய்போம் என்ற மருத்துவர் 1666-இல் இமையின் அந்த எண்ணெய்ச் சுரப்பிகளை விவரித்து எழுதியதிலிருந்து எத்தனையோ பேர் வரைந்திருக்கிறார்கள். சீப்புப் பல்போல் நெடுக நிற்பதை நீ வரைந்த அழகில், இமையைப் புரட்டி உள்பக்கம் ஏன் நெடுக்காகவே கீறுகிறோம், குறுக்கே கீறினால் பக்கத்துச் சுரப்பிகளும் எப்படி அறுபடும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். ஸ்டீராய்டு ஊசியால் நம் மாநிறத் தோல் வெளுக்கலாம் என்று எச்சரித்ததும் நல்லது. கலேசியான் கிருமி வேலை இல்லை, ஆன்டிபயாட்டிக் மாத்திரை வேண்டாம் என்று எழுதியிருக்கிறாயே, அந்தத் தைரியம் எனக்கு முப்பது வருஷமாக வரவில்லை. வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த முறை வரமாட்டார்களே என்று எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டாய். அரூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு ஒரே இடத்தில் இரண்டு முறை கட்டியைச் சுரண்டி எடுத்தேன். எடுத்ததைப் பஞ்சில் துடைத்துக் குப்பையில் போட்டேன். மூன்றாம் முறை வந்தபோது அந்த இடத்தில் மட்டும் இமைமுடி உதிர்ந்திருந்தது. அப்போதுதான் திசுப் பரிசோதனைக்கு அனுப்பத் தோன்றியது. எண்ணெய்ச் சுரப்பியில் புற்றுநோய். மேலைநாட்டுப் புத்தகங்களில் அது அபூர்வம். நம் நாட்டு இமைப் புற்றுநோய்களில் அப்படியில்லை. அதைப் படித்துத்தான் வைத்திருந்தேன். வயதானவருக்கு அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், முடி உதிர்ந்தால், உடனே வரச் சொல்லிப் பெரிய எழுத்தில் போடு. சுரண்டியதை ஒருபோதும் எறியாதே.

அடுத்த முறை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், உன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யாரிடமாவது தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல். படித்து முடித்ததும், "வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க?" என்று கேள். பதிலில் நாமக்கட்டி வந்தால், திருத்தி எழுது.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து ஒரு பழைய கண் டாக்டர்