முதலில் சக்கரம், கடைசியில் மோட்டார்

அன்புள்ள கயல்,

அப்பா அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த எஃப்7 மாடல் ரயில் எஞ்சினுக்குள் மோட்டாரே இல்லை என்று புலம்பியிருந்தாய். யாரும் ஏமாற்றவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் இ.எம்.டி. பிரிவு 1949 முதல் 1953 வரை கட்டிய எஃப்7 டீசல் எஞ்சின்களில், ஓட்டுநர் அறை உள்ளது ‘ஏ’, அறை இல்லாதது ‘பி’. நிஜத்தில் இரண்டுமே இழுக்கும். மாடலில் மட்டும், செலவு குறையட்டும் என்று ‘பி’யைப் பல நேரம் மோட்டார் இல்லாத டம்மியாக விற்றார்கள். உன்னிடம் இருப்பது அதுதான்.

என்ன மோட்டார் வாங்கலாம் என்று கேட்கிறாய். அது கடைசி வேலை. முதலில் எஞ்சினைக் கவிழ்த்துச் சக்கரத்தைப் பார். உன் எச்.ஓ. தண்டவாளத்தில் ஒரு கம்பி பாசிட்டிவ், மற்றது நெகட்டிவ். மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்குத் தருவது சக்கரம்தான். பிளாஸ்டிக் சக்கரமாக இருந்தால் கழற்றிவிட்டு உலோகச் சக்கரம் போடு. பிறகு மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ஒரே அச்சின் இடது, வலது சக்கரங்களைத் தொட்டுப் பார். பீப் கேட்டால் ஷார்ட். அந்த அச்சு ஆகாது. எட்டுச் சக்கரமும் மின்சாரம் எடுக்கும்படி ஒயரைச் சால்டர் செய். நான்கே போதும் என்று விட்டால், தடம் பிரியும் இடத்தில் எஞ்சின் திக்கித் திக்கி நிற்கும்.

அடுத்து ஒரு கணக்கு. நிஜ எஃப்7 சக்கரத்தின் விட்டம் 40 அங்குலம்; எச்.ஓ. அளவான 1:87-க்குச் சுருக்கினால் 11.7 மி.மீ. நிஜத்தில் மணிக்கு 105 கி.மீ. என்றால், உன் மேசையில் நொடிக்கு 33.5 செ.மீ. அந்த வேகத்துக்குச் சக்கரம் நிமிடத்துக்கு 550 சுற்று சுற்றினால் போதும். ஆனால் 12 வோல்ட் சின்ன மோட்டார் 10,000 சுற்றுகூடச் சுற்றும். ஆகவே வேகத்தைப் பதினெட்டில் ஒன்றாகக் குறைக்க வேண்டும்: ஒற்றைப் புரி வார்ம் (திருகு வடிவப் பல்லிணை), அதன் கீழே 18 பல் உள்ள பல்சக்கரம். இந்தக் கணக்கைப் போடாமல் கிடைத்த பல்சக்கரத்தை மாட்டுகிறவர்களின் எஞ்சின் எலி ஓடுவதுபோல் ஓடும்.

வார்மைப் பொருத்தும்போது, அதற்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்து அழுத்தி, திருகை முடுக்கு. பிறகு சக்கரத்தைச் சுழற்றிக் காகிதத்தை வெளியே எடு. அந்தக் காகிதத்தின் கனம்தான் பல்லுக்கு வேண்டிய இடைவெளி. இறுக்கமாக இருந்தால் மோட்டார் முனகும்; தளர்ந்தால் பல் தேயும். பிளாஸ்டிக்கை அரிக்காத கிரீஸ் ஒரு பொட்டு போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், குளிரில் உறைந்துவிடும்.

ஒன்றை மறக்காதே. வார்ம் பல்சக்கரத்தைச் சுழற்றும். பல்சக்கரம் வார்மைச் சுழற்றாது. மோட்டார் நின்றால் எட்டுச் சக்கரமும் பூட்டிக்கொள்ளும், இன்னொரு எஞ்சின் இழுத்தாலும் சறுக்கிக்கொண்டுதான் வரும். அதனால் உன் ‘பி’யும் அதோடு கோக்கும் ‘ஏ’யும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓட வேண்டும். முதலில் இரண்டையும் தனித்தனியாக ஓட்டிப் பார்.

மோட்டாரைச் சட்டத்தில் சிலிக்கோன் பசையால் ஒட்டு, அதிர்வு குறையும். அதன் தண்டு வார்முக்கு நேர்கோட்டில் இருக்கட்டும், இரண்டையும் ரப்பர் குழாயால் இணை. பிறகு ஈயத் துண்டுகளை வைத்து எடை ஏற்று. எடை இல்லாவிட்டால் சக்கரம் வழுக்கும், மிஞ்சினால் மோட்டார் கருகும். எது சரி என்பதை இப்படிப் பார்: 12 வோல்ட் கொடுத்து எஞ்சினை விரலால் தடுத்துப் பிடி. சக்கரம் வழுக்கிச் சுற்றினால் எடை சரி. சுற்றாமல் மோட்டார் உறுமி நின்றால் உடனே மின்சாரத்தை நிறுத்தி, எடையைக் குறை.

இவ்வளவும் எதற்கு என்று தோன்றினால், உன் மாடலைச் செய்த அதே கம்பெனியின் ஓடும் எஃப்7 பழையதாகக் கிடைத்தால் வாங்கி, அதன் அடிச்சட்டத்தில் உன் கூட்டை மாட்டிவிடலாம். பல நேரம் அப்படியே பொருந்தும், செலவும் குறைவு. எனக்கென்னவோ நீயே செய்வதுதான் பிடிக்கும். சக்கர வேலை முடிந்ததும் எழுது, மோட்டார் அளவை அப்புறம் முடிவு செய்வோம்.

அன்புடன்,
மாமா