அண்ணன் மனைவியும் தம்பியின் கடமையும்

அண்ணன் மவுத்தாகிவிட்டால் அண்ணியைத் தம்பி நிக்காஹ் செய்துகொள்ள வேண்டுமா? இந்த வினா நம் குடும்பங்களில் அவ்வப்போது எழுகிறது. அது கடமை என்பாரும் உண்டு. அண்ணி தாய்க்குச் சமம், கூடவே கூடாது என்பாரும் உண்டு. இந்த விஷயத்துக்கு விரிவாகச் சட்டம் வகுத்து வைத்திருந்த சமுதாயம் யூத சமுதாயம். அவர்கள் நமக்குத் தொலைவில் இருந்தவர்கள் அல்லர். செண்பகத்தோப்பில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைக்கு அப்பால் கேரளம். அங்கே கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் எழுந்த அவர்களுடைய தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது.

யூதர்களின் ஆகமத்தில் அண்ணன் தம்பி மனைவியை மணப்பது பொதுவாக விலக்கப்பட்டது. ஒரே ஒரு விதிவிலக்கு. கூடி வாழும் சகோதரர்களில் ஒருவன் பிள்ளையில்லாமல் இறந்தால், அவனுடைய மனைவி வெளியே வாழ்க்கைப்படலாகாது. கணவனின் சகோதரனே அவளை மணக்க வேண்டும். பிறக்கும் முதல் ஆண்மகன் இறந்தவனின் பெயரைத் தாங்குவான். இதற்கு ‘யிப்பூம்’ என்று பெயர். அவன் மறுத்தால் அவள் ஊர்ப் பெரியோரிடம் முறையிடுவாள். அவர்கள் முன்னிலையில் அவன் காலிலிருந்து செருப்பைக் கழற்றி, அவன் முன் துப்புவாள். அதன் பிறகே அவளுக்கு விடுதலை. இச்சடங்கு ‘ஹலிட்ஸா’.

இதன் நோக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. இறந்தவனின் வீடு அணைந்துபோகக் கூடாது, ஆதரவற்றவள் தெருவில் நிற்கக் கூடாது என்பதே அது. மோவாபு நாட்டு விதவையான ரூத், கணவனின் ஊரான பெத்லகேமுக்கு மாமியாருடன் வந்து, கதிர் பொறுக்கிப் பிழைத்தாள். அவளைப் போவாஸ் என்ற உறவினர் மணந்தார். அவரைவிட நெருங்கிய உறவினன் ஒருவன் இருந்தான். நிலத்தை மீட்க ஒப்பினான், ரூத்தும் சேர்ந்தே வருவாள் என்றதும் பின்வாங்கிவிட்டான்! அந்த மணத்தின் வழியில் வந்தவரே தாவூத் (அலை) என்று யூத நூல் கூறுகிறது.

ஆனால் அந்தப் பெண்ணின் நிலை என்ன? கொழுந்தன் சிறுவனானால் அவனுக்குப் பதின்மூன்று வயது ஆகும்வரை அவள் காத்திருக்க வேண்டும். அவளை மணப்பவனுக்கே இறந்தவனின் சொத்து முழுவதும் சேரும். சொத்தும் பெண்ணும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டால் எது யாரை இழுக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். யூத அறிஞர்களும் இதை உணர்ந்தே இருந்தனர். பல நாடுகளில் ஹலிட்ஸாவே முதன்மை பெற்றது. 1950-ல் இஸ்ரேலின் தலைமை ரப்பிகள் யிப்பூமைத் தடுத்து, ஹலிட்ஸாவையே விதித்தனர்.

அறியாமைக்கால அரபிகளிடமும் விதவையை வாரிசுப் பொருளாக்கும் வழக்கம் இருந்தது. திருமறையின் நான்காம் அத்தியாயம் 19-ஆம் வசனம் அதை விலக்கிற்று. அதே அத்தியாயம் 12-ஆம் வசனம், பிள்ளையில்லாத கணவனின் சொத்தில் கால் பங்கையும், பிள்ளை இருந்தால் எட்டில் ஒரு பங்கையும் மனைவிக்குத் தந்தது. கொழுந்தனை மணந்தாலும் சரி, மணக்காவிட்டாலும் சரி, அது அவளுடையது. ஆகவே அண்ணியை மணப்பது கடமையுமல்ல, ஹராமுமல்ல. இத்தா முடிந்து, அவள் மனமொப்பினால் ஆகும். அதுவரை கொழுந்தன் அந்நிய ஆணே. ஒரே வீடு என்பதால் தனித்திருக்க அனுமதி இல்லை. (இதை நம் வீடுகளில் எத்தனை பேர் பேணுகிறார்கள்?)

நம் நாட்டிலேயே ஒரு சம்பவம் உண்டு. மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த யூதர்களுக்குப் ‘பெனே இஸ்ரேல்’ என்று பெயர். நம் வழக்கில் பனீ இஸ்ராயீல். சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் அக்கம்பக்கத்தார் அவர்களைச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றனர். நெடுங்காலம் தம்மவரிடமிருந்து பிரிந்திருந்த அவர்கள், அண்டையாரின் வழக்கத்தைத் தழுவி விதவை மறுமணத்தையே வெறுத்தனர். பிறகு இவர்களில் பலர் இஸ்ரேலில் குடியேறினர். தலாக், ஹலிட்ஸா சட்டங்களை அறியாமல் வாழ்ந்தவர்களாயிற்றே, இவர்களுடன் சம்பந்தம் செய்யலாமா என்று அங்குள்ள ரப்பிகளுக்கு ஐயம் வந்தது. தாய், பாட்டி வழியை விசாரித்தே மணம் பதிய வேண்டும் என்று 1962-ல் உத்தரவாயிற்று. பெனே இஸ்ரேலர் ஜெருசலத்தில் கூடிப் போராடினர். 1964-ல் அவர்களை மட்டும் குறிப்பிட்ட அந்த உத்தரவு மாற்றப்பட்டது.