நோய்க் குறியீடுகளைப் பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாற்றுதல்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்
துணைப் பாடம்: தரவுக் குறியீட்டு மாற்றம்

1. அறிமுகம்

ஒரே நோயை வைத்தியர்கள் பல சொற்களால் எழுதுவர். கணினி அவற்றை வெவ்வேறு நோய்களாகவே கொள்ளும். இதனைத் தவிர்ப்பதற்காக ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடு வழங்கப்படுகின்றது. இதற்கான சர்வதேச நோய் வகைப்பாடு (ஐ.சி.டி.) 1893 இல் ஏற்கப்பட்ட மரண காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்ததாகும். 1948 முதல் உலக சுகாதார தாபனம் இதற்குப் பொறுப்பாக உள்ளது. மருத்துவ அறிவு வளரும்போது இதுவும் திருத்தப்படுகின்றது.

ஐக்கிய அமெரிக்க வைத்தியசாலைகள் 2015 ஒக்டோபர் 1 அன்று 9 ஆம் திருத்தத்திலிருந்து 10 ஆம் திருத்தத்திற்கு மாறின. இப்பாடத்தில் அம்மாற்றமே உதாரணமாகக் கொள்ளப்படுகின்றது.

(குறிப்பு: குறியீடுகளிலுள்ள ஆங்கில எழுத்துகள் இங்கு ஒலிப்பின்படி தரப்பட்டுள்ளன.)

2. இரு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடுகள் (ஐக்கிய அமெரிக்கப் பதிப்புகள்)

• நீளம்: பழையது 3 – 5 இடங்கள், புதியது 3 – 7 இடங்கள்.
• முதலாம் இடம்: பழையதில் பெரும்பாலும் இலக்கம், புதியதில் எப்போதும் எழுத்து.
• நோய்க் குறியீடுகளின் எண்ணிக்கை: பழையதில் ஏறத்தாழ 14 000, புதியதில் ஏறத்தாழ 69 000.

ஆகவே தரவுத்தளத்தில் குறியீட்டுப் புலத்தின் நீளத்தை அதிகரிக்க வேண்டும். அப்புலம் எண் வகையாக அன்றி, பாட வகையாக இருத்தல் வேண்டும்.

3. மாற்றத்தின் வகைகள்

(அ) ஒன்றுக்கு ஒன்று
கொலரா (வகை குறிப்பிடப்படாதது): 001.9 → ஏ00.9

(ஆ) பலவற்றுக்கு ஒன்று
உயர் குருதியமுக்கம்: 401.0, 401.1, 401.9 → ஐ10
ஐ10 இலிருந்து பழைய மூன்றில் எது எழுதப்பட்டிருந்தது என்பதை மீண்டும் பெற முடியாது. எனவே பழைய பதிவை அழித்துவிடலாகாது.

(இ) ஒன்றுக்குப் பல
தொடை என்பின் கழுத்து முறிவு (மூடிய முறிவு): 820.8 →
எஸ்72.001ஏ – வலது கால்
எஸ்72.002ஏ – இடது கால்
எஸ்72.009ஏ – பக்கம் குறிப்பிடப்படாதது
இறுதி எழுத்து சிகிச்சையின் கட்டத்தைக் காட்டும். பழைய குறியீட்டில் பக்கமும் இல்லை, கட்டமும் இல்லை. எழுதப்படாத தரவைக் கணினியால் உருவாக்க முடியாது.

4. பின்பற்ற வேண்டிய படிமுறைகள்

1. சிகிச்சை நடைபெற்ற திகதியைப் பார்க்க.
2. ஒப்பீட்டு அட்டவணையில் பழைய குறியீட்டைத் தேடுக.
3. ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் இருப்பின் வைத்தியரின் குறிப்பை வாசிக்க.
4. குறிப்பில் விபரம் இல்லையெனில் வைத்தியரிடம் வினவுக, ஊகிக்க வேண்டாம்.
5. பழைய, புதிய குறியீடுகள் இரண்டையும் சேமிக்க.

5. புள்ளிவிபரத்தில் ஏற்படும் விளைவு

ஐக்கிய அமெரிக்காவில் மரணப் பதிவுகள் 1999 இலேயே 10 ஆம் திருத்தத்திற்கு மாறின. 1996 ஆம் ஆண்டு மரணங்களை இரு முறைகளிலும் குறியிட்டு ஒப்பிட்டபோது, இன்புளுவென்சா, நியூமோனியா என்பவற்றால் ஏற்பட்டனவாகக் கணக்கிடப்பட்ட மரணங்கள் புதிய முறையில் ஏறத்தாழ 30% குறைவாக இருந்தன. மரணங்கள் அவையே; முதன்மைக் காரணத்தைத் தெரிவு செய்யும் விதியே மாறியது. இதனை அறியாதவர் நோய் குறைந்துவிட்டதாகத் தவறாக முடிவு செய்வார்.

6. மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: 820.8 எனும் பதிவை ஒருவர் எஸ்72.001ஏ என மாற்றினார். இது சரியா?
விடை: வைத்தியரின் குறிப்பில் வலது கால் என்றும், முறிவுக்கான ஆரம்பச் சிகிச்சை என்றும் இருந்தால் மட்டுமே சரி. இல்லையேல் நோயாளியின் பதிவில் பொய்யான தகவல் சேர்ந்துவிடும்.

வினா 2: 2015 செப்டெம்பர் 28 இல் வெளிநோயாளராகச் சிகிச்சை பெற்றவரின் பற்றுச்சீட்டு ஒக்டோபர் 5 இல் தயாரிக்கப்பட்டது. எம்முறைக் குறியீடு இடப்பட வேண்டும்?
விடை: பழைய முறை. பற்றுச்சீட்டுத் திகதி அன்றி, சிகிச்சைத் திகதியே கருதப்படும்.

ஞாபகத்தில் வைத்திருங்கள்: 11 ஆம் திருத்தம் 2022 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்துள்ளது. நாடுகள் அதற்கு மாறும்போதும் இதே படிமுறைகள் பயன்படும்.